வன்னியில் வானொலி நாடகம்: எழுத, குரல் தேட, பதிவு செய்ய வருவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு வீட்டு அறைக்குள் இருந்துகொண்டு, குரலை மட்டும் நம்பிப் பதினைந்து, இருபது நிமிட நாடகங்கள் செய்து வருகிறோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், வாசிகசாலைப் பெடியள், ஒரு காலத்தில் கூத்தாடிய பெரியவர்கள் என்று பலர் வருகிறார்கள். கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எங்களுக்குச் சரிவந்த வழிகள் இவை. உங்கள் ஊருக்கும் உங்கள் வீட்டுக்கும் ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்தக் காலத்தில் வானொலி நாடகத்தை யார் கேட்கிறார்கள்?

கண்ணும் கையும் வேலையில் இருக்கிறவர்கள் கேட்கிறார்கள். தையல் மெஷினில் இருக்கிற அக்கா, குசினியில் நிற்கிற அம்மா, கடையில் சாமான் கட்டுகிற தம்பி, இரவுக் காவலுக்கு வயலுக்குப் போகிற ஐயா. உட்கார்ந்து படம் பார்க்க இவர்களுக்கு நேரம் இல்லை. பலருக்கு டேட்டாவும் இல்லை. பதினைந்து நிமிட நாடகம் ஒன்றை ஏழு, எட்டு எம்.பி.க்குள் அடக்கி வட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம்.

அதோடு, வன்னிக்குக் கேட்கிற பழக்கம் பழையது. 1990 இலிருந்து நீண்ட காலம் இங்கே மின்சாரம் இல்லை. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற கரண்டில்தான் றேடியோ கேட்டோம். வீட்டில் எல்லோருக்கும் முறை உண்டு. என் முறை வரும்போது எனக்குப் பத்து வயது. கை களைத்தால் குரல் மெலியும். உடனே விறாந்தையில் இருந்து அம்மம்மா, "சுத்தடா, அவள் என்ன சொன்னவள் எண்டு கேக்கேல்லை" என்பார். ஒரு வசனம் கேட்க ஒருவர் கை நோக வேண்டியிருந்தது. எழுத உட்காரும்போது எனக்கு அந்தப் பெடல்தான் நினைவுக்கு வரும். வேலை செய்யாத வசனத்தை வெட்டுவதற்கு வேறு காரணம் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

மேடைக்கு எழுதிய நாடகம் ஒன்று கைவசம் இருக்கிறது. அதை அப்படியே பதிவு செய்யலாமா?

அப்படியே செய்ய முடியாது. கதையை வைத்துக்கொண்டு வசனத்தைத் திரும்ப எழுதுங்கள். மேடையில் ஒருவர் உள்ளே வந்தால் எல்லோருக்கும் தெரியும். இங்கே அவர் வாய் திறக்கும்வரை, அல்லது படலை சத்தம் போடும்வரை, அவர் வரவே இல்லை. பேசாமல் நிற்கிற பாத்திரம் இரண்டு நிமிடத்தில் கேட்பவர் மனதில் இருந்து மறைந்துவிடும்.

வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகங்களில் ஒன்றை பி.பி.சி. 1924 ஜனவரி 15 அன்று ஒலிபரப்பியது. எழுதியவர் ரிச்சர்ட் ஹியூஸ். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் விளக்கு அணைந்துபோய்ச் சிலர் அகப்பட்டுக்கொள்கிறார்கள். பாத்திரங்களும் இருட்டில்தான், கேட்கிறவர்களும் இருட்டில்தான். இந்த வேலை எப்படிப்பட்டது என்பதை அவர் அன்றே சரியாகப் பிடித்துவிட்டார்.

நமக்குச் சுரங்கம் வேண்டாம். நம்மிடம் பரண் இருக்கிறது. யானைக் காவலுக்குப் பரணில் இருவர் இருக்கிற காட்சி ஒன்றை ஒரு தம்பி எழுதிக்கொண்டு வந்தார். முதல் வசனம் இப்படி இருந்தது:

"என்ன கந்தையா அண்ணை, இரவு பதினொரு மணிக்குக் கையில் டோர்ச் லைற்றோடு இந்த உயரமான பரணில் ஏறி வருகிறீர்களே! யானை ஏதும் வந்துவிட்டதா?"

கேட்கிறவர்களுக்கு எல்லாம் விளங்க வேண்டும் என்று நினைத்து எழுதியிருந்தார். ஆனால் யாரும் இப்படிக் கதைப்பதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து இருந்து மாற்றினோம்:

(தடி ஏணி முனகும் சத்தம்)
"ஆரது?"
"நான்தான். லைற்றை நூர்."
"ஏனண்ணை?"
"தெற்கால மரம் முறியுது. கேட்டியே?"
"எத்தினை?"
"ஒண்டு. தனியன்."

நேரம் சொல்லவில்லை, லைற்றை நூர்க்கச் சொன்னதால் இரவு என்று தெரிகிறது. உயரம் சொல்லவில்லை, ஏணி சொல்லிவிட்டது. யானை என்ற சொல்லே வரவில்லை. ஆனால் 'தனியன்' என்ற சொல் வந்ததும் இங்கே இருக்கிற ஒவ்வொருவருக்கும் முதுகு சில்லிடும். கூட்டமாக வருகிற யானையைவிடத் தனியன் பொல்லாதது என்று வயல்காரருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வேறு ஊரில் இருந்து கேட்பவருக்கு அடுத்த ஐந்து வரியில் விளங்கட்டும்.

ஒரு காட்சியில் எத்தனை பேர் பேசலாம்?

மூன்று. பழகிய பிறகு நான்கு. அதற்கு மேல் போனால் யார் யாரென்று காது தடுமாறும். கல்யாண வீடு, செத்த வீடு என்றால் பின்னணியில் கூட்டம் கதைக்கட்டும். முன்னால் மூன்று குரல் போதும்.

எந்தத் தமிழில் எழுத வேண்டும்? பொதுத் தமிழா, யாழ்ப்பாணப் பேச்சா?

எல்லாக் கேள்விகளிலும் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பதில் சொல்வதற்கு முன் நான் ஒரு கேள்வி திருப்பிக் கேட்பேன்: உங்கள் பாத்திரம் எந்த வழியால் வன்னிக்கு வந்தது?

முள்ளியவளை, ஒட்டுசுட்டான் பக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கிற குடும்பமா? குளத்துக்குக் கீழே கொலனி திறந்தபோது யாழ்ப்பாணத்தில் இருந்து காணி எடுத்து வந்தவர்களா? 1977 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டை விட்டு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களா? முல்லைத்தீவுக் கரையில் வலை இழுக்கிறவர்களா? 1990 இல் வெளியேற்றப்பட்டு, பல வருடம் கழித்துத் தண்ணீரூற்றுக்குத் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பமா? ஒரே பஸ்ஸில் இத்தனை பேரும் ஏறுகிறார்கள். ஒரே சந்தையில் மீன் விலை கேட்கிறார்கள். 'வன்னித் தமிழ்' என்று ஒன்றை எழுதிவிட்டு எல்லோர் வாயிலும் அதையே வைத்தால் இந்த இடமே நாடகத்தில் இருந்து போய்விடும்.

கொலனியில் பிறந்த பெண், "அப்பா இன்னும் வரேல்லை, உங்கினைக்கதான் நிண்டவர்" என்பாள். மலைநாட்டில் இருந்து வந்த குடும்பத்துப் பாட்டி, "அப்பா இன்னும் வரலைங்க, இங்கனதான் நின்னாரு" என்பார். இதோடு முடியவில்லை. அந்தப் பாட்டியின் பேத்தி கிளிநொச்சியில் படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் 'வரேல்லை' என்கிறாள், வீட்டுக்குள் 'வரலை' என்கிறாள். எங்கள் நாடகம் ஒன்றில் இதையே ஒரு திருப்பமாக வைத்தோம். அவள் சிநேகிதியோடு படலையில் நின்று கதைத்துக்கொண்டிருக்கிறாள். உள்ளே இருந்து பாட்டி கூப்பிடுகிறார். அவள் "இந்தா வரேன் ஆயா" என்கிறாள். சிநேகிதி ஒரு கணம் பேசாமல் இருக்கிறாள். அந்த ஒரு கணத்துக்குள் நாடகத்தில் நாங்கள் சொல்ல வந்தது முழுக்க இருந்தது. நடித்த பிள்ளைக்கு நாங்கள் எதுவும் விளக்கவில்லை. அவள் வீட்டிலும் அதுதான் நடக்கிறது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். யாருடைய பேச்சையும் சிரிப்புக்காக வைக்காதீர்கள். மலைநாட்டுப் பேச்சு வந்தால் வேலைக்காரன், கரையோரப் பேச்சு வந்தால் சண்டைக்காரன் என்று எழுதுகிற பழக்கம் நமக்குள் இருக்கிறது. அதை ஒரு பிள்ளை றேடியோவில் கேட்டால் அடுத்த நாள் வகுப்பில் வாயே திறக்காது.

சீரியல் தமிழும் இப்போது பெடியள் வாயில் ஏறிவிட்டது. கோபம் வந்தால் 'என்னடா பண்ற' என்று எழுதுகிறார்கள். வீட்டில் அப்பா என்ன சொல்லித் திட்டுவார் என்று கேட்டால் உடனே சரியான சொல் வருகிறது. தொழிற் சொற்களையும் அப்படியே தேடி எடுங்கள். சூடு மிதிக்கிற களத்தில் நெல்லைப் 'பொலி' என்று சொல்லிப் பழகிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அரை மணி நேரம் அவர்களோடு திண்ணையில் இருந்தால், ஒரு நாடகத்துக்கான சொற்கள் கிடைத்துவிடும்.

பழைய இலங்கை வானொலி நாடகங்களைக் கேட்டுப் பழக வேண்டுமா?

கிடைப்பதைக் கேளுங்கள். கொழும்பில் வானொலி தொடங்கியது 1925 டிசம்பர் 16 இல். பிற்காலத்தில் 'சானா' என்று அறியப்பட்ட சண்முகநாதன் போன்ற தயாரிப்பாளர்கள் தமிழ் நாடகத்துக்கு அங்கே ஓர் இடம் உண்டாக்கினார்கள். சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' தொடருக்காக வீடுகளில் வேலையை நிறுத்திவிட்டு இருந்ததாக அம்மா சொல்வார். எஸ். ராம்தாஸின் 'கோமாளிகளின் கும்மாள'த்தைக் குரல் தேர்வுக்கான பாடமாகவே கேட்கலாம். அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒவ்வொரு விதமான தமிழ். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யார் பேசுகிறார் என்று அரை வசனத்தில் தெரியும். 1976 இல் அது 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது.

ஆனால் அந்தக் காலத்து நடிப்பைப் பின்பற்றாதீர்கள். மத்திய அலையில், இரைச்சலுக்கு நடுவே, ஒரு றேடியோவைச் சுற்றிப் பத்துப் பேர் இருந்து கேட்ட காலம் அது. குரலை உயர்த்தி, சொல்லைப் பிரித்துப் பேச வேண்டியிருந்தது. இப்போது உங்கள் நடிகர் ஒருவருடைய காதுக்குள் ஹெட்செட்டில் பேசுகிறார். பெருமூச்சு விட்டாலே கேட்கும்.

பிரதியை எப்படித் தயாரிப்பது?

பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடைவெளி விட்டு, தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சடியுங்கள். ஒரு வசனம் பக்கத்தின் அடியில் தொடங்கி அடுத்த பக்கத்தில் முடியக்கூடாது. ஸ்ரேப்ளர் அடிக்காதீர்கள். வாசித்து முடித்த தாளைத் திருப்பாமல், மெதுவாகக் கீழே வழுக்கி விட வேண்டும். பாயோ சாக்கோ விரித்திருந்தால் சத்தம் வராது. அப்படி எழுதினால் ஒரு ஏ4 பக்கம் எங்களுக்கு ஒன்றரை நிமிடம் அளவில் ஓடுகிறது. கடைசி நேரத்தில் போனில் பார்த்து வாசிக்கிற பிள்ளைகள் உண்டு. பரவாயில்லை. போனைப் பறக்கும் நிலையில் போடச் சொல்லுங்கள்.

குரலை எப்படித் தேர்ந்தெடுப்பது?

முகம் பார்க்காமல். வருகிறவர்கள் அறைக்குள் இருப்பார்கள், நான் சுவருக்கு இந்தப் பக்கம் குசினியில் இருப்பேன். முதலில் பிரதியைக் கொடுக்க மாட்டோம். வாசிக்கச் சொன்னால் எல்லோரும் செய்தி வாசிப்பவர் ஆகிவிடுகிறார்கள். "நேற்றுச் சந்தையில என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ" என்று கேட்போம். "பக்கத்து வளவு மாடு உங்கட பயிரைத் திண்டுட்டுது, சொந்தக்காரரைக் கூப்பிட்டுக் கதையுங்கோ" என்போம். "ஒரு குழந்தையை நித்திரையாக்குங்கோ" என்போம். கடைசிக் கேள்வியில்தான் பலரின் உண்மையான குரல் வெளியே வரும்.

அழகான குரல் தேடாதீர்கள். எங்களிடம் சைக்கிள் கடை வைத்திருக்கிற ஒரு அண்ணை இருக்கிறார். வசனத்தின் நடுவில் மூச்செடுக்க நின்றுவிட்டுப் பிறகு தொடர்வார். முதலில் அது குறையாகப் பட்டது. பிறகு பார்த்தால், அவர் நிற்கிற இடத்தில் கேட்கிறவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இப்போது அவருக்காகவே அப்படியான பாத்திரங்களை எழுதுகிறோம்.

குரலைத் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதை நாங்கள் பட்டுத்தான் படித்தோம். எங்கள் முதல் நாடகத்தில் மாமியும் மருமகளும் சண்டை பிடிக்கிற காட்சி. இரண்டு பெண்களும் நன்றாக நடித்தார்கள். ஒருவருக்கு ஐம்பது வயது, மற்றவருக்கு இருபத்திரண்டு. பதிவைக் கேட்ட ஒரு தாத்தா, "அந்தப் பிள்ளை ஏன் தனியக் கதைக்குது?" என்று கேட்டார். நேரில் பார்த்தபோது வயதுதான் எங்கள் கண்ணில் பட்டது. இரண்டு குரலும் ஒரே உயரம், ஒரே வேகம் என்பதைக் காது கவனிக்கவில்லை. முழு நாடகத்தையும் திரும்பப் பதிந்தோம். அன்றில் இருந்து, ஒரு காட்சியில் வருகிறவர்களைச் சேர்த்து வைத்துத்தான் கேட்கிறோம். ஒன்று தடித்தால் மற்றது மெல்லியதாக இருக்க வேண்டும். ஒன்று இழுத்தால் மற்றது வெட்டிப் பேச வேண்டும்.

கூத்துக் கலைஞர்கள் வானொலிக்குச் சரிவருவார்களா?

மிக நன்றாகச் சரிவருவார்கள், கொஞ்சம் பொறுமை வேண்டும். முள்ளியவளைக் கோவலன் கூத்தோ, காத்தவராயன் கூத்தோ ஆடி வளர்ந்தவர்களுக்கு மூச்சுப் பிடிப்பும் நினைவாற்றலும் அபாரம். ஆனால் அவர்களின் குரல் திறந்த வெளியில் கடைசி வரிசைக்குக் கேட்கப் பழகியது. மைக்குக்கு முன் நின்றதும் அந்த வெளி அவர்கள் கண்ணில் தெரியும். "மெல்லக் கதையுங்கோ ஐயா" என்றால் குரல் சிறுத்துவிடும், உயிரும் போய்விடும்.

நாங்கள் கண்டுபிடித்த வழி இது: மைக்குக்கு அந்தப் பக்கம், இரண்டு அடி தள்ளி, அவருடைய பேரப்பிள்ளையை ஒரு கதிரையில் இருத்துவோம். "இவனுக்குச் சொல்லுங்கோ" என்போம். அவ்வளவுதான். ஒரு தடவை, கூத்துப் பழக்குகிற எழுபது வயது அண்ணாவியார் ஒருவர், சாகக் கிடக்கிற தகப்பனுடைய வசனத்தை அப்படித் தன் பேரனுக்குச் சொன்னார். ஆறு வயதுப் பெடியன் கதிரையில் இருந்து இறங்கிப் போய் அவருடைய சாரத்தைப் பிடித்துக்கொண்டான். அந்த உரசல் சத்தமும் பதிவில் இருக்கிறது. அதை நாங்கள் வெட்டி எடுக்கவில்லை.

எழுத வாசிக்கத் தெரியாதவர் நடிக்கலாமா?

நிச்சயமாக. கூத்துப் பழக்குகிற மாதிரி வாயால் சொல்லிக் கொடுங்கள். இரண்டு வரி சொல்லுங்கள், அவர் தன் பேச்சில் திருப்பிச் சொல்லட்டும். அவர் மாற்றிச் சொன்னது நீங்கள் எழுதியதைவிட நன்றாக இருந்தால் பிரதியைத் திருத்துங்கள். இடைவெளிகளைப் பிறகு வெட்டிச் சேர்க்கலாம்.

பெண்கள் வரத் தயங்குகிறார்கள். என்ன செய்வது?

மாலை ஐந்து மணிக்கு முன் முடியுங்கள். ஒருவரைத் தனியாகக் கூப்பிடாமல் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக் கூப்பிடுங்கள். பஸ் காசு கொடுங்கள், தேத்தண்ணி கொடுங்கள், கைக்குழந்தை இருந்தால் பார்த்துக்கொள்ள ஒருவரை வையுங்கள். பெயர் போடலாமா என்று முதலே கேளுங்கள். சிலருக்குப் பெயர் வர வேண்டும், சிலருக்கு வரக்கூடாது. இந்தப் பகுதியில் பல வீடுகளில் உழைப்பதும் பெண்தான், பிள்ளை வளர்ப்பதும் பெண்தான். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார் என்றால், அந்தக் கணக்கு எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்ரூடியோ இல்லை. எங்கே பதிவது?

வீட்டுத்திட்ட வீடுகளில் சீமெந்துச் சுவரும் வெறும் நிலமும் இருக்கிற சிறிய அறையில் பேசினால் குரல் சுவரில் பட்டுத் திரும்பும். கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி இருக்கும். முட்டைத் தட்டை ஒட்டினால் சரியாகும் என்று பலர் சொல்வார்கள். அது பெரிதாக எதுவும் செய்யாது. தடித்த, மென்மையான பொருள்தான் ஒலியை விழுங்கும்: மெத்தை, கம்பளி, அடுக்கிய துணி.

எங்களுக்குக் கிடைத்த சிறந்த அறை ஒரு நெல் அறை. காலபோக அறுவடை முடிந்து மூட்டைகள் மூன்று பக்கமும் கூரை மட்டம்வரை அடுக்கியிருந்தன. நடுவில் நான்கு பேர் நிற்க இடம். உள்ளே போய்க் கை தட்டிப் பார்த்தேன். தட்டின சத்தம் அப்படியே விழுந்து போய்விட்டது, திரும்பி வரவே இல்லை. புதுநெல் வாசத்துக்குள் நின்று இரண்டு நாடகம் பதிந்தோம். வீட்டுக்கார அண்ணை நெல்லை விற்கும்வரை அதுதான் எங்கள் கலையகம். தெரிந்தவர் வீட்டில் நெல் அறை இருந்தால் கேட்டுப் பாருங்கள். மூட்டையில் ஏறி இருக்காமல் கவனமாக இருந்தால் ஒருவரும் மறுக்க மாட்டார்கள்.

தகரக் கூரைக்குக் கீழே பதியாதீர்கள். வெயில் ஏறும்போதும் இறங்கும்போதும் தகரம் 'டிக், டிக்' என்று அடிக்கும். மழை வந்தால் கதை முடிந்தது. ஓட்டு வீடு நல்லது. ஃபேனை நிறுத்துங்கள், பிரிட்ஜின் வயரைக் கழற்றுங்கள். திரும்பக் கொழுவ மறக்காமல் இருக்க உங்கள் மோட்டார் சைக்கிள் திறப்பைப் பிரிட்ஜுக்கு மேலே வையுங்கள்.

நேரமும் முக்கியம். விடியவும் பின்னேரமும் மயில் விடாது. மாரிகாலத்து இரவு தவளைக்குச் சொந்தம். மத்தியானம் ஒரு மணியில் இருந்து மூன்று மணிவரை ஊர் அடங்கும். ஆனால் ஃபேன் இல்லாத அறையில் அந்த வெக்கை தாங்காது. இருபது நிமிடம் பதிந்து, பத்து நிமிடம் மரத்தடியில் இருங்கள். கோயில் திருவிழா நாள்காட்டியைப் பார்த்து நாள் வையுங்கள். வற்றாப்பளைப் பொங்கல் கிழமையில் முல்லைத்தீவுப் பக்கம் ஆளும் கிடைக்காது, அமைதியும் கிடைக்காது. விதைப்பு, அறுவடை நாட்களிலும் ஒருவரையும் கூப்பிடாதீர்கள்.

போனில் பதிந்தால் போதுமா?

தொடங்குவதற்குப் போதும். வாயில் இருந்து ஒரு சாண் தூரம், நேர் எதிரே வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில். அப்போதுதான் 'ப', 'ப்ப' சொல்லும்போது காற்று வந்து அடிக்காது. வேவ் வடிவத்தில் பதிகிற செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பும்போது குரல் செய்தியாக அனுப்பாமல் 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்புங்கள். இல்லாவிட்டால் அது ஒலியை நசுக்கிவிடும்.

கையில் காசு வந்தால் ஒரு ரெக்கோர்டரோ யு.எஸ்.பி. மைக்கோ வாங்கலாம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்து, உரத்துப் பேசும்போதும் ஒலி அளவைக் காட்டுகிற ஊசி மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமல் பாருங்கள். கத்துகிற வசனத்துக்கு ஒலி மட்டத்தை மாற்றாமல் நடிகரை ஓர் அடி பின்னால் நிற்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு அறையிலும் பதிவு முடிந்ததும் எல்லோரும் அசையாமல் நிற்க, அரை நிமிடம் வெறும் அறையைப் பதியுங்கள். வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளில் அதைப் போட வேண்டும். முழு மௌனத்தைப் போட்டால் கேட்கிறவர் போன் நின்றுவிட்டது என்று நினைப்பார்.

வெளிநாட்டில் இருக்கிற உறவினரை நடிக்க வைக்கலாமா?

வைக்கலாம். தொலைபேசியில் பேசுகிற பாத்திரமாக அவரை எழுதிவிடுங்கள். கனடாவில் இருக்கிற சித்தப்பா, கனடாவில் இருக்கிற சித்தப்பாவாகவே நடிக்கட்டும். அவருடைய பதிவில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 3400 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டிவிட்டால் பழைய தொலைபேசிக் குரல் வந்துவிடும். அவருடைய அறை எதிரொலித்தாலும் குறையாகத் தெரியாது.

பின்னணி ஒலிகளை எங்கே எடுப்பது?

இணையத்தில் இருந்து எடுக்காதீர்கள். அங்கே கிடைக்கிற காட்டில் வேறு நாட்டுக் குருவி கத்தும். நம் ஊர்க்காரருக்கு அது உடனே தெரியும். ஆக்காட்டி கத்தினால் வயல் வெளி, செண்பகம் கத்தினால் வேலியோரம் என்று காதுக்குத் தெரியும். போனை எடுத்துக்கொண்டு போய் நீங்களே பதியுங்கள். இரணைமடுக் குளத்தில் வான் பாய்கிற நாள் கிடைத்தால் விடாதீர்கள்.

சில ஒலிகளை அறைக்குள் செய்வது நல்லது. சுளகில் பயறைப் போட்டு மெல்லச் சரித்தால் ஓலைக் கூரையில் மழை. பொலித்தீன் பையைக் காதுக்குக் கிட்ட மெதுவாகக் கசக்கினால் அடுப்பு எரியும். தட்டில் கிறவல் கொட்டி அதன் மேல் செருப்பை அழுத்தினால் ஒழுங்கையில் ஆள் நடந்து வருவார். பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள், நடிப்பைவிட இதற்குத்தான் போட்டி.

போர்க்காலக் கதைகளை நாடகமாக்கலாமா?

ஆக்கலாம், ஆக்கவும் வேண்டும். எங்களுக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு.

ஷெல் சத்தமோ கிபிர் விமானச் சத்தமோ போடுவதில்லை. இரவில் ஹெட்செட்டோடு படுத்திருந்து கேட்கிற ஒருவருக்கு அந்தச் சத்தம் நாடகமாக இருக்காது. அதற்குப் பதிலாக ஆட்களை எழுதுகிறோம். நாய் குரைப்பதை நிறுத்துகிறது. அம்மா பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பங்கருக்குள் இறக்குகிறார். நான்காவது பெயருக்குப் பதில் வரவில்லை. அதற்கு மேல் சத்தம் எதற்கு?

மற்றது, யாருக்கு என்ன பாத்திரம் கொடுக்கிறோம் என்பது. பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கிற தாயிடம் பிள்ளையைத் தேடுகிற தாயின் வசனத்தை நாங்களாகக் கொடுப்பதில்லை. 2017 பெப்ரவரியில் இருந்து காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கிளிநொச்சியில் தெருவோரத்தில் இருந்து பதில் கேட்ட ஊர் இது. ஒரு தடவை ஓர் அம்மா தானாகவே அந்தப் பாத்திரத்தைக் கேட்டு வாங்கினார். "அவன் வருவான்" என்ற வசனத்தில் நின்றுவிட்டார். பதிவை நிறுத்தினோம். கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு அவர் தண்ணீர் குடித்துவிட்டு, "சரி தம்பி, போடுங்கோ" என்றார். அந்த அமைதியைப் பதிந்திருந்தால் நாடகம் எங்கேயோ போயிருக்கும் என்று பிறகு ஒருவர் சொன்னார். அது அந்த அம்மாவுடையது, எங்கள் நாடகத்துக்குச் சேர்ந்தது அல்ல.

ஒருவர் தன் கதையைச் சொன்னால், அதை எழுதலாமா என்று கேளுங்கள். எழுதிய பிறகு வாசித்துக் காட்டிவிட்டு மறுபடியும் கேளுங்கள். இரண்டாவது தடவை வேண்டாம் என்று சொல்கிறவர்கள் உண்டு.

ஒருவருடைய சிறுகதையை நாடகமாக்கலாமா?

எழுத்தாளரின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி எழுதியவர் இறந்து 70 ஆண்டுவரை உரிமை தொடரும். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடுவதற்கும் இதே நிலைதான். ஊரில் உடுக்கும் ஆர்மோனியமும் வாசிக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் போங்கள்.

தொகுப்பதற்கு எந்த மென்பொருள்?

ஓடாசிட்டி. இலவசம், பழைய கணினியிலும் ஓடும். தொகுத்ததை ஹெட்செட்டில் ஒரு தடவை, போன் ஸ்பீக்கரில் ஒரு தடவை, முடிந்தால் ஓடுகிற ஓட்டோவில் ஒரு தடவை கேளுங்கள். கடைசி இடத்தில் விளங்காத வசனத்தின் பின்னணி ஒலியைக் குறையுங்கள்.

முதல் நாடகமாக எதைச் செய்யலாம்?

இரண்டு குரல், ஒரே இடம், ஐந்து நிமிடம். முறிகண்டியில் பஸ் நிற்கிறது. சனம் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் வாங்குகிறது. இருபது வருடத்துக்குப் பிறகு சந்திக்கிற இரண்டு பேர், ஆளுக்கொரு பஸ்ஸில் போகிறவர்கள், ஹோர்ன் அடிப்பதற்குள் என்ன கதைப்பார்கள்? அதை எழுதுங்கள். எழுதி முடித்ததும் வீட்டில் ஒரு பெரியவரை அடுத்த அறையில் இருத்தி, கதவைப் பாதி சாத்திவிட்டு, இந்தப் பக்கம் இருந்து வாசியுங்கள். "என்ன? ஆர் சொன்னது?" என்று அவர் எந்த வரியில் கேட்கிறாரோ, அந்த வரியைத் திருத்துங்கள்.